ஓட்டோவின் இடப்பக்க மூக்கு

ஒரு நாயின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தால், யாழ்ப்பாணத்தில் நாங்கள் முதலில் நினைப்பது உண்ணிக் காய்ச்சலைத்தான். அப்படி நினைப்பதில் பிழையில்லை. பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதோடு யோசிப்பதை நிறுத்திவிடுவதுதான் பிழை. நான் நிறுத்தினேன். மிருக வைத்தியராக இருபத்தொன்பது வருடம் வேலை செய்த பிறகு நிறுத்தினேன். புதிதாக மிருக வைத்தியப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டபோது, நான் நன்றாகச் செய்த காரியங்களை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

அப்போது நான் அரசாங்க வேலையிலிருந்து விலகி, கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் சொந்தமாக ஒரு சிகிச்சை நிலையம் வைத்திருந்தேன். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த ஓர் அணியின் மோப்ப நாய்கள் என்னிடம்தான் வரும். அவற்றில் ஒன்றுக்கு ஓட்டோ என்று பெயர். வெளிநாட்டில் பயிற்சி பெற்று, அந்தப் பெயரோடேயே வந்து இறங்கிய நாய். எங்கள் ஊரில் ஓட்டோ என்றால் முச்சக்கர வண்டி. றோட்டில் வைத்து அதைக் கூப்பிட்டால் யாராவது வண்டியை நிறுத்தி, எங்கே போகவேண்டும் என்று கேட்பார்கள். அதனால் அதை வைத்து வேலை செய்த தயாளினி வெளியில் அதன் பெயரைச் சொல்வதில்லை. நாக்கால் ஒரு சத்தம் போடுவார். அது திரும்பிப் பார்க்கும்.

தயாளினிக்கு முப்பத்துநாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். மிருசுவிலில் தாயோடு இருந்தார். முதலில் முழங்காலில் இருந்து கையால் மண் கிளறி வெடி தேடியவர். பிறகு ஆறு வருடமாக ஓட்டோவோடு. தேவைக்கு மேல் கதைக்க மாட்டார்.

“சேர், மூண்டு நாளா இடப்பக்க மூக்கால ரத்தம் வருகுது,” என்று ஒருநாள் கொண்டுவந்தார்.

காதுக்குள் இரண்டு உண்ணிகள் இருந்தன. இரத்தத்தைச் சோதித்தபோது, உறைய வைக்கும் அணுக்கள் கொஞ்சம் குறைவாக இருந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கான மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு கிழமையில் இரத்தம் நின்றுவிட்டது. நான் சொன்னது சரிதான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மூக்குக்குள் வளரும் கட்டியும் சில நாள் வடித்துவிட்டுச் சில நாள் சும்மா இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

இரண்டு கிழமை கழித்து, நாய் வேலைக்குத் தகுதியானது என்று எழுதித் தரும்படி கேட்டு மறுபடி வந்தார்கள். அன்றைக்குச் சந்தை நாள். வெளியில் ஏழெட்டு ஆடுகள். வரணியில் கன்று போட முடியாமல் ஒரு மாடு நிற்கிறதென்று ஆள் வந்து காத்திருந்தார். அணியின் மேற்பார்வையாளர் போனில், மழைக்கு முன் அந்தக் காணியை முடிக்கவேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

நான் எழுதத் தொடங்கும்போது தயாளினி சொன்னார்: “ரத்தம் நிண்டிட்டுது சேர். ஆனா சாப்பாட்டுத் தட்டில மூக்கை வைச்சுப் படுத்திருக்கேக்க, வலப்பக்கம் மட்டும்தான் ஆவி படியுது. மற்றப் பக்கம் படியேல்லை.”

“உள்ளுக்கை காய்ஞ்ச ரத்தம் அடைச்சிருக்கும். போகப் போகச் சரிவரும்,” என்றேன்.

கையொப்பம் வைத்தேன். அவர் கடிதத்தை வாங்கி இரண்டாக மடித்தார். உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “அப்ப சரி சேர்,” என்று நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கதைத்து முடிந்த பிறகும் ஒருவர் போகாமல் நின்றால், அடுத்தவரின் அட்டையைக் கையில் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன்.

கடிதம் கொடுத்து ஒன்பதாம் நாள் காலை, வேலை தொடங்குமுன் வழக்கமாக வைக்கும் சோதனையில், புதைத்து வைத்த வெடிமருந்து மாதிரியின் மேலால் ஓட்டோ நடந்து போயிற்று. தயாளினி திருப்பிக் கொண்டுவந்து இன்னொரு தரம் விட்டார். இரண்டாம் முறையும் நிற்காமல் போயிற்று. அவர் அதை வான் வண்டியில் ஏற்றிவிட்டு, நேரே மேற்பார்வையாளரிடம் போய், “இவன் இந்த எட்டு நாளும் பாத்த இடம் முழுக்கக் கையால திரும்பப் பாக்கோணும்,” என்றிருக்கிறார். மழை கறுத்து நின்ற நேரம். மேற்பார்வையாளர் கோபப்பட்டாராம். ஒரு நாள் சோதனையில் தவறினால் என்ன, டொக்டரின் கடிதம் இருக்கிறதே என்றாராம். தயாளினி அசையவில்லை. பாராவிட்டால் தான் வேலையை விட்டுப் போகப்போவதாகவும், போகுமுன் காரணத்தை எழுதித் தரப்போவதாகவும் சொன்னார்.

கையால் பார்த்தார்கள். நாலாம் நாள் ஒரு வெடி கிடைத்தது. ஓட்டோ பார்த்துவிட்டுப் போன காணித் துண்டுக்குள், உள்ளங்கை அளவில். ஒரு நாய் பார்த்த இடத்தை மறுபடி பார்க்கும் இரண்டாவது நாய் இன்னும் அங்கே போகவில்லை. காணியும் உரியவர்களிடம் கொடுபடவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாள் தயாளினி ஓட்டோவோடு என்னிடம் வந்தார். சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்தேன். நாயைத் தூக்கி மேசையில் வைத்தார்.

“ஒண்டு கிடந்தது சேர்.”

“எங்கை?”

“நான் நடந்த வழியில. கால் வைச்ச இடத்தில இருந்து ஒரு முழம் தள்ளி.” நாயின் தலையைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். “இப்ப இவன்ரை மூக்கைப் பாருங்கோ.”

அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் திட்டியதில்லை.

குளிர்ப்பெட்டியில் இருந்த ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து மூக்குக்கு முன்னால் பிடித்தேன். வலப்பக்கம் ஆவி படிந்தது. இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. அரை நிமிடமும் எடுக்கவில்லை. மூடிய இமைகளின் மேலால் இரண்டு கண்களையும் மெல்ல அழுத்தினேன். இடக்கண் உள்ளே போகாமல் பின்னால் ஏதோ தடுத்தது. பிறகு எக்ஸ்றே, ஸ்கான், உள்ளிருந்து எடுத்த சின்னத் துணுக்கொன்றின் ஆய்வு எல்லாம் நடந்தன. மூக்கின் உட்தோலில் வளரும் புற்றுநோய். மூளைக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள எலும்பை இன்னும் அரிக்கவில்லை.

அணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் முதற் கடிதம் பிழையானது, நான் சரியாகப் பார்க்காமல் எழுதினேன் என்று. உண்ணி என்ற சொல் வராமல் அதை எழுதி முடிக்க மூன்று தாள் கிழிக்கவேண்டி இருந்தது. உங்களுக்கும் இப்படியொரு கடிதம் எழுத வரும். வரும்போது காரணம் சேர்க்காமல் எழுதுங்கள்.

தயாளினி கேட்டார்: “இனி என்ன செய்யலாம்?”

“வெட்டி எடுக்கிற இடமில்லை. கதிர்வீச்சுக்குத்தான் கொஞ்சமாவது கேக்கும். நாய்களுக்கு அது இஞ்ச இல்லை.”

“மனிசருக்கு இருக்குதுதானே?”

“ஓம்.”

“அப்ப கேளுங்கோ.”

கேட்டேன். முதலில் போன புற்றுநோய் வைத்தியசாலையில் ஒரு பெரிய டொக்டர் என்னை மரியாதையாக இருத்தி, முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து கதவைத் திறந்து நடைவழியைக் காட்டினார். கோப்புகளை மடியில் வைத்தபடி இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். தொண்டையில் மையால் கோடு போட்ட ஒரு வயதானவர். தலையில் சீலை சுற்றிய ஒரு தாய்.

“இவையிலை ஆரை எழுப்பிவிடச் சொல்லுறியள்?” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரி. அந்தப் பதிலோடு யாரும் சண்டை பிடிக்கக்கூடாது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒன்று விளங்கியது. நான் கேட்டது பிழையல்ல, கேட்ட இடம்தான் பிழை. எந்த நோயாளியும் காத்திருக்காத ஓர் இயந்திரத்தை நான் தேடவேண்டும்.

தேடினேன். இரண்டு மாதம் போன்கள், கடிதங்கள். அதற்கிடையில் கட்டி வலப்பக்கத்தையும் அடைத்து, ஓட்டோவுக்கு மறுபடி இரத்தம் வடியத் தொடங்கியது. மருந்தால் ஓரளவு பிடித்து வைத்திருந்தேன். கடைசியில் தெற்கே ஓர் ஊர் வைத்தியசாலையில் இருந்து பதில் வந்தது. இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். உதவி செய்தவர்களை நாளைக்கு ஊர் முழுக்கத் தேடிப் போகக்கூடாது. அங்கே புது இயந்திரம் வந்து நோயாளிகள் எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள். பழைய கோபால்ட் இயந்திரம், கழற்றிக்கொண்டு போக ஆட்கள் வரும்வரை சும்மா நிற்கும். அதைப் பொறுப்பாகப் பார்த்தவர் நிஸாம். கதிர்வீச்சின் அளவைக் கணிக்கிற பௌதிகவியலாளர். என்னைவிட இருபது வயதாவது இளையவர்.

ஸ்கான் படங்களோடு போனேன். என் கதையைக் கேட்டதும், “எங்கட உம்மாவின்ரை வீடு சோனகதெருவில டொக்டர். நான் வளந்தது புத்தளத்தில,” என்றார். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றிய கதை அது. அதற்கு மேல் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

நான் பதினெட்டு நாள் சிகிச்சை கேட்டேன். வெளிநாட்டில் முழுமையாகச் செய்வதென்றால் அவ்வளவும் செய்வார்கள் என்று படித்திருந்தேன்.

“பதினெட்டு நாளும் மயக்கம் குடுக்கோணும். வாயும் கண்ணும் புண்ணாகும்,” என்றார். “நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதீங்கோ. இது நாய்க்காகவோ, உங்கட கடிதத்துக்காகவோ?”

நாய்க்காக மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

“ரெண்டுக்கும்தான்,” என்றேன்.

“அப்ப நாய்க்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவை மட்டும் செய்வம். கிழமைக்கு ஒண்டு, நாலு தரம். நோய் மாறாது. ஆனா சில மாதம் நோவில்லாமல் மூச்சு விடும்.”

இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும் என்று விரும்புகிறேன். பிழை செய்த வைத்தியர் அளவுக்கு மேல் சிகிச்சை செய்வார். தன் மனத்தை ஆற்றுவதற்கு மிருகத்தின் உடம்பைப் பயன்படுத்துவார். நானும் செய்யப் பார்த்தேன். என்னைத் தடுத்தவர் நாயையே கண்டிராத ஒருவர்.

வைத்தியசாலையின் அனுமதி, கதிர்வீச்சுக்குப் பொறுப்பான அதிகாரிகளின் அனுமதி எல்லாம் எழுத்தில் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் கொடிகாமத்திலிருந்து வானில் புறப்படுவோம். ஓட்டோ தயாளினியின் காலடியில் வாயைத் திறந்தபடி கிடக்கும். மூக்கால் மூச்சு விட முடியாத நாய் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கும். அந்தச் சத்தம் ஆறேழு மணித்தியாலமும் எங்களோடு வரும்.

முதல் இரண்டு தரமும் ஒழுங்காக முடிந்தன. மூன்றாம் தரம்தான் நான் உங்களுக்குச் சொல்லவேண்டியது.

மயக்கம் கொடுத்து, மூச்சுக்கான குழாயைத் தொண்டைக்குள் வைத்து, தலையை அசையாமல் கட்டிவிட்டால், கதிர் பாயும் நேரம் முழுவதும் யாரும் அறைக்குள் நிற்க முடியாது. கதவு பூட்டப்படும். வெளியில் இருந்து ஒரு சின்னத் திரையில் பார்க்கவேண்டும். நாயின் நாக்கில் மாட்டியிருந்த கருவி இரத்தத்தில் உள்ள ஒட்சிசனை இலக்கத்தில் காட்டும். அதையும் கமரா பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தோம். பழைய இயந்திரம், வேகம் குறைவு. ஏழு நிமிடம் பிடிக்கும்.

மூன்றாம் நிமிடம் இலக்கம் இறங்கத் தொடங்கியது.

அந்தக் கருவி நாக்கிலிருந்து வழுகினாலும் இலக்கம் இறங்கும். எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். வழுகிவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நிஸாம் நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சொல்லுங்கோ டொக்டர். நிப்பாட்டினால் மிச்சத்தைப் பிறகு குடுக்கலாம். நேரம் எழுதி வைச்சிருக்கிறன்.”

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மணித்தியாலப் பயணம். மீதி நாலு நிமிடம். வழுகிய கருவிக்காக நிறுத்துவதா என்று மனம் கணக்குப் பார்த்தது.

பின்னால் நின்ற தயாளினி சொன்னார்: “வயிறு அசையேல்லை.”

“நிப்பாட்டுங்கோ,” என்றேன்.

கதிர் அடங்கி, கதவு திறப்பதற்கு எடுத்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. உள்ளே ஓடினேன். நாக்கு நீலமாக இருந்தது. மூக்கின் பின்பக்கத்தால் வழிந்த இரத்தம் கட்டிபட்டு, அந்தக் குழாயின் வாயை அடைத்துவிட்டது. இழுத்து எடுத்துவிட்டுப் புதிய குழாயை வைத்தேன். முதல் முறை சரியாகப் போகவில்லை. இரண்டாம் முறை போயிற்று. கையால் காற்றை அழுத்தினேன். தயாளினி நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று என்றபோது ஓட்டோ தானாக மூச்சு இழுத்தது.

பத்து நிமிடத்தில் நாக்கு சிவந்தது. நிஸாம் கதவடியில் நின்று, “மிச்ச நாலு நிமிசத்தையும் முடிக்கிறதோ?” என்று கேட்டார். அவர் வற்புறுத்தவில்லை, கேட்டார். நான் தயாளினியைப் பார்த்தேன்.

“நீங்கள்தான் சொல்லோணும் சேர்,” என்றார். “ஆனா அண்டைக்கு எழுதினது மாதிரிச் சொல்லாதேங்கோ.”

நான் மெதுவாக, எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னேன். இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் மூச்சில்லாமல் கிடந்த நேரத்தில் மூளைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும். நாலு நிமிடக் கதிர் குறைந்தால் சிகிச்சை கொஞ்சம் குறையும். மறுபடி மயக்கத்தில் வைத்து மூச்சு நின்றால் நாய் இல்லை. அதனால் இன்றைக்கு எழுப்புவோம்.

“சரி,” என்றார்.

எழுப்பினோம். அரை மணித்தியாலம் தலையைத் தூக்கவில்லை. பிறகு தள்ளாடி எழும்பி, இரண்டடி நடந்து, அந்தக் கோபால்ட் இயந்திரத்தின் காலில் சிறுநீர் கழித்தது. நிஸாம் சிரித்துவிட்டார். நான் வெளியில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். 

அடுத்த ஞாயிறு நாலாவது தரம். குழாயை வைத்ததும், இரத்தம் இறங்காதபடி அதைச் சுற்றித் தொண்டையின் பின்பக்கத்தைத் துணியால் அடைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அது ஒழுங்காக முடிந்தது. அதுதான் அந்த இயந்திரம் செய்த கடைசி வேலை.

மூன்று கிழமை கழித்துத் தயாளினி காலையில் போன் எடுத்தார்.

“சேர், இவன் வாயை மூடிக்கொண்டு நித்திரை கொள்ளுறான்.”

“எப்ப இருந்து?”

“ராத்திரி முழுக்க. நான்தான் நித்திரை கொள்ளேல்லை, பாத்துக்கொண்டிருந்தனான்.”

பத்து மாதம் நன்றாக இருந்தது. மூக்கின் மேல் முடி கொட்டி, வெள்ளையாக முளைத்தது. அணி அதை வேலையிலிருந்து விடுவித்து, தயாளினியிடமே கொடுத்தது. அவருடைய தாய் எங்கே ஒளித்து வைத்தாலும் கருவாட்டைக் கண்டுபிடித்துவிடுகிறது என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டுவிட்டு மேற்பார்வையாளர் ஒருநாள் வந்தார். நாய்கள் போதாமல் இருந்த நேரம். சோதித்துப் பார்த்து, சரியென்றால் திரும்ப எடுக்கலாமா என்றார். நல்ல மனிதர், அவருக்கு மேலேயும் அழுத்தம் இருந்தது. நான் முடியாது என்றேன். இன்றைக்கு மணம் பிடிக்கிற மூக்கு எந்த நாளில் பிடிக்காமல் போகும் என்று என்னால் சொல்ல முடியாது, அந்த நாளில் அதன் பின்னால் ஒருவர் நடந்துகொண்டிருப்பார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பதினோராம் மாதம் இரத்தம் மறுபடி வந்தது. கண் பிதுங்கத் தொடங்கியது. நோவுக்கான மாத்திரையைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை தயாளினி தனியாக வந்தார்.

“ரெண்டு நாளாத் தண்ணிச் சட்டிக்குப் போறான். குடிக்காமல் திரும்பி வாறான்.”

“சனிக்கிழமை வரைக்கும் பொறுப்பமோ? உங்களுக்கும் லீவு நாள்.”

“என்ரை வசதியைப் பாக்க வேண்டாம் சேர். இண்டைக்கு ஏலுமெண்டால் வாங்கோ.”

பின்னேரம் போனேன். வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து வைத்திருந்தார். ஓட்டோ அவருடைய பாதத்தில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது. அவர் நாக்கால் அந்தச் சத்தத்தைப் போட்டார். அது காதை மட்டும் திருப்பியது. ஊசியைப் போட்டேன். அமைதியாக முடிந்தது.

குழியை அவரே வெட்டியிருந்தார். மூடிவிட்டு, கைகழுவி, எனக்குப் பாலில்லாத பிளேன் ரீ கொண்டுவந்து தந்தார்.  இரண்டு நாள் லீவு எடுக்கலாமே, நான் வேண்டுமென்றால் அணியோடு கதைக்கிறேன் என்றேன்.

“வேண்டாம் சேர். நாளைக்குப் புதுத் துண்டொண்டு தொடங்குறம். ஆறு மணிக்கு வான் வரும்.”

“நாய் இல்லாமலோ?”

“வேறை நாய் வாற வரைக்கும் கையால.”

அடுத்த நாள் நானும் வழக்கம்போல எட்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். முதலில் வந்தது வயிறு ஊதிய ஓர் ஆடு. பார்த்தவுடனேயே அது என்னவென்று எனக்குத் தெரியும் போலிருந்தது. எழுதுமட்டுவாளிலிருந்து அதைக் கொண்டுவந்த பெண் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினார்.

“நீங்கள் என்னத்தைக் கண்டியள்?” என்று கேட்டேன். “அதை முதல்ல சொல்லுங்கோ.”

அவர் சொல்லி முடிக்கும்வரை நான் ஆட்டைத் தொடவில்லை.